ராணி இல்லாத சீட்டுக்கட்டு

(பழைய ஜெர்மன் மர அச்சுச் சீட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.)

கே: அச்சு என்றாலே குட்டன்பர்க்தான். அவருக்கு முன்பே சீட்டு அச்சடித்தார்கள் என்கிறீர்களே, நம்பலாமா?

ப: தாராளமாக நம்பலாம். குட்டன்பர்க்கின் பைபிள் 1455 வாக்கில் முடிந்தது. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1441இல், வெனிஸ் ஆட்சியாளர்கள் ஓர் ஆணை போட்டார்கள்: வெளியூரில் அச்சான சீட்டுகளும் படங்களும் இனி நகருக்குள் வரக் கூடாது. வெளிச் சரக்கால் உள்ளூர்ச் சீட்டுத் தொழிலாளிகளின் பிழைப்பு கெடுகிறது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். ஒரு பெரிய வணிக நகரம் சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்குச் சீட்டு வந்து குவிந்திருக்கிறது என்றால், அந்தத் தொழில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேரூன்றியிருக்க வேண்டும். தேதியோடு கிடைத்த மர அச்சுப் படங்களில் புகழ்பெற்றது 1423ஆம் ஆண்டின் புனித கிறிஸ்டோபர் படம். தெற்கு ஜெர்மனியில் புக்ஸ்ஹைம் மடத்து நூல் ஒன்றின் அட்டையில் ஒட்டியிருந்தது. இன்று மான்செஸ்டரில் இருக்கிறது. குட்டன்பர்க் தந்தது தனித்தனி உலோக எழுத்தை. படத்தை மரத்தில் வெட்டித் தாளில் எடுக்கும் திறமை அவர் ஊர்ப்பக்கம் ஏற்கெனவே பலருக்குக் கைவந்த தொழில்.

கே: அப்படியானால் முதலில் அச்சானது சாமி படமா, சீட்டா?

ப: இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே கத்தியில் வெட்டப்பட்டவை. யாத்திரை போகிறவருக்குப் புனிதர் படம், சத்திரத்தில் தங்குகிறவருக்குச் சீட்டு. வாங்குகிறவர் மாறுவார், வெட்டுகிறவர் மாறுவதில்லை.

கே: சீட்டாட்டம் ஜெர்மனியில் பிறந்ததா?

ப: இல்லை. ஐரோப்பாவுக்கு அது 1370களில் வந்து சேர்ந்தது. 1377இல் ஃப்ளாரன்ஸ் நகரம் சீட்டுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கும் தடை போட்டது. எகிப்தை ஆண்ட மம்லுக்குகளின் சீட்டுக்கட்டு ஒன்று இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனையில் இருக்கிறது. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்று அதில் நான்கு சின்னங்கள். ஐரோப்பிய சீட்டுகளின் மூதாதை அந்த மரபுதான்.

அதே 1377இல் ஜோஹனஸ் என்ற துறவி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். சீட்டாட்டம் அந்த ஆண்டுதான் தங்கள் பகுதிக்கு வந்தது என்கிறார். கட்டில் 52 சீட்டுகள், நான்கு ராஜாக்கள், ஒவ்வொரு ராஜாவின் கீழும் இரண்டு தளபதிகள், ஒரு தளபதி சின்னத்தை மேலே தூக்கிப் பிடித்திருப்பார், இன்னொருவர் கீழே தாழ்த்திப் பிடித்திருப்பார் என்று விவரிக்கிறார். அந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். அடுத்த கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

கே: ஜெர்மன் சீட்டில் ராணியே கிடையாதாமே? பெண்கள் மேல் அப்படி என்ன கோபம்?

ப: கோபம் ஒன்றும் இல்லை. மம்லுக் கட்டிலேயே ராஜா, துணை, இரண்டாம் துணை என்று மூன்று பேர்தான். ஜெர்மானியர்கள் அந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ராஜாவுக்கு அடுத்தவர் ஓபர். அவர் சீட்டில் சின்னம் மேல்பக்கம் இருக்கும். அவருக்கு அடுத்தவர் உன்டர். அவருக்குச் சின்னம் காலடியில். ஜோஹனஸ் சொன்ன இரண்டு தளபதிகள் இவர்கள்தான். 1377இல் எழுதிய விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்று முனிச் கடையில் வாங்கும் சீட்டை விரித்தால் ஆளுக்கு ஆள் பொருந்தும். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கை மேலேயும் கீழேயுமாக அப்படியே நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய வியப்பு.

ராணி அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. ராணிகள் உள்ள கட்டுகளையும் ஜோஹனஸ் குறிப்பிடுகிறார். 1430 வாக்கில் கையால் தீட்டப்பட்ட ஸ்டுட்கார்ட் கட்டில் ராணிகள் கம்பீரமாக நிற்கிறார்கள். மர அச்சில் வந்த வழக்கமான கட்டில்தான் அவர்களுக்கு இடமில்லாமல் போனது.

கே: அந்தச் சின்னங்கள் என்னென்ன? நம் சீட்டிலிருந்து எப்படி வேறுபடுகின்றன?

ப: ஓக் மரத்துக் கொட்டை, இலை, இதயம், மணி. நமக்குப் பழகிய ஆட்டின் (இதயம்) மட்டும் அங்கேயும் உண்டு. மணி என்பது கோயில் மணி அல்ல. வேட்டைக்குப் பழக்கிய பருந்தின் காலில் கட்டும் உருண்டைச் சதங்கை. இந்த நான்கும் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைபெற்றன. அதற்கு முன்பு அவரவர் விருப்பம்தான்: ஸ்டுட்கார்ட் கட்டில் வாத்து, பருந்து, மான், வேட்டைநாய். பக்கத்து சுவிட்சர்லாந்தில் இலைக்கும் இதயத்துக்கும் பதிலாக ரோஜாவும் கேடயமும்.

பத்தாம் எண்ணில் பத்துச் சின்னங்களை நெருக்காமல் ஒரு கொடியை மட்டும் வரைவதும் அன்று வழக்கம். சுவிஸ் கட்டில் அது இன்னும் இருக்கிறது. ஆஸ் காலப்போக்கில் மறைந்து, இரண்டாம் எண் சீட்டு தலைமை இடத்துக்கு வந்தது. அதனால் 48 சீட்டுகள் கொண்ட கட்டே பெருவழக்கு.

கே: சீட்டை எப்படிச் செய்தார்கள்? கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன்.

ப: உங்களுக்கு விரிவாகச் சொல்வதில் எனக்கும் மகிழ்ச்சி.

முதலில் தாள். 1390இல் உல்மன் ஸ்ட்ரோமர் என்ற வணிகர் நியூரம்பர்க் நகர மதிலுக்கு வெளியே, பெக்னிட்ஸ் ஆற்றங்கரையில், ஜெர்மனியின் முதல் காகித ஆலையைத் தொடங்கினார். கந்தல் துணியை ஊறவைத்து, நீர்ச் சக்கரத்தால் ஓடும் உலக்கைகளால் இடித்துக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் அள்ளி எடுத்த தாள். மை ஊறிப் பரவாமல் இருக்க அதை வஜ்ஜிரக் கரைசலில் முக்கிக் காயப்போடுவார்கள். இந்தத் தாள் மலிந்த பிறகுதான் மலிவுச் சீட்டைப் பற்றிப் பேசவே முடியும். தோலில் எழுதிய காலத்தில் சீட்டு அச்சடிப்பது பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது பலகை. பேரி போன்ற நெருக்கமான இழையுள்ள மரத்தை இழைவாக்கிலேயே அறுத்து, இழைத்து வழவழப்பாக்குவார்கள். படம் இடம் வலம் மாறி அதன் மேல் வரையப்படும். பிறகு வெட்டுபவர் கத்தியை எடுக்கிறார். கோடு நிற்க வேண்டும், மற்ற இடம் போக வேண்டும். ஒவ்வொரு கோட்டின் இரண்டு பக்கமும் சாய்வாகக் கத்தியை இழுத்து, நடுவிலுள்ள மரத்தைச் சில்லுச் சில்லாக எடுப்பார். மீசையில் ஒரு முடி உடைந்துவிட்டால் அங்கே குழி தோண்டி வேறு துண்டு மரத்தைப் பொருத்தி மீண்டும் வெட்ட வேண்டும். ஒரே பலகையில் பல சீட்டுகள் வரிசையாக இருக்கும். சில பலகைகளில் முழுக்கட்டும் அடங்கிவிடும்.

அச்சடிக்கத் தொடக்கத்தில் இயந்திரம் கிடையாது. விளக்குப் புகைக்கரியில் செய்த நீர்த்த மையைப் பலகையில் தடவி, ஈரத் தாளை மேலே விரித்து, முடி அடைத்த தோல் திண்டால் தாளின் முதுகில் தேய்ப்பார்கள். அப்படி எடுத்த அச்சில் மை ஒரு பக்கம் பழுப்பாகவும் ஒரு பக்கம் சாம்பலாகவும் தெரியும்; தாளின் பின்பக்கம் கோடுகள் புடைத்து நிற்கும். அழுத்தப் பொறியும் எண்ணெய் மையும் பிறகு வந்தன. பழைய சீட்டுகளில் கோடு தடிமனாக, நிழல் இல்லாமல், வெறும் எல்லைக் கோடாகவே இருப்பதற்கு இந்தத் தேய்ப்பு முறை ஒரு காரணம். இன்னொன்று, அடுத்து வண்ணம் வரப்போகிறது என்பது வெட்டுபவருக்குத் தெரியும். வண்ணத்துக்கு இடம் விட்டுத்தான் வெட்டுவார்.

வண்ணம் ஸ்டென்சில் வழியாக. லாரியின் பின்பக்கம் தகரத்தில் எழுத்து வெட்டிவைத்து வண்ணம் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வித்தைதான். எண்ணெயோ மெழுகோ ஏற்றிய கெட்டித் தாளில் சிவப்பு வரவேண்டிய இடங்களை மட்டும் வெட்டி எடுத்து, அச்சான தாளின் மேல் பொருத்தி, பெரிய தூரிகையால் ஒரே இழுப்பு. காய்ந்ததும் பச்சைக்கு வேறு ஸ்டென்சில், மஞ்சளுக்கு வேறு. 1568இல் ஃப்ராங்ஃபர்ட்டில் வெளியான தொழில்களின் நூல் ஒன்றில் யோஸ்ட் அம்மன் இந்த வண்ணக்காரரை வரைந்திருக்கிறார்: மேசை முன் ஆள், கையில் அகலத் தூரிகை, பக்கத்தில் வண்ணக் கிண்ணங்கள். அவசரத்தில் ஸ்டென்சில் நகர்ந்துவிடும். ராஜாவின் அங்கிச் சிவப்பு அங்கியைத் தாண்டிக் காற்றில் நிற்கும், இலையின் பச்சை பாதி இலைக்கு வெளியே கிடக்கும். தங்கத் தகடு ஒட்டிய அரண்மனைச் சீட்டுகளைவிட இந்த நகர்ந்த வண்ணம்தான் எனக்குப் பிடிக்கும். பொழுது சாய்வதற்குள் இத்தனை தாள் முடித்தாக வேண்டும் என்று உழைத்த ஒரு மனிதரின் கை வேகம் அதில் பதிந்திருக்கிறது.

கடைசியாக ஒட்டும் வேலை. அச்சுத் தாளின் பின்னால் ஒன்றிரண்டு தாள்களை மாவுப் பசையால் ஒட்டி, முதுகுக்குச் சின்னக் கோலம் அச்சடித்த தாளையோ வெறும் தாளையோ வைத்து, எல்லாவற்றையும் அடுக்கிப் பாரம் ஏற்றிப் பசை நீரைப் பிழிந்து, காயவைப்பார்கள். உள்ளே வைக்கும் தாள் பழைய கணக்குத் தாளாகவும் இருக்கலாம், வெளியே தெரியாதே. காய்ந்த அட்டையை வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினால்தான் சீட்டு ஒன்றோடொன்று ஒட்டாமல் கலைக்க வரும். பிறகு கத்தரி. எல்லாச் சீட்டும் ஒரே அளவில் வெட்டப்பட வேண்டும். ஒன்று மயிரிழை அகலமாக இருந்தாலும் ஆட்டக்காரன் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கே: நன்றி. இன்னொன்று கேட்கலாமா? இத்தனையையும் ஒரே ஆள் செய்தாரா?

ப: பெரும்பாலும் இல்லை. வரைபவர், மரம் வெட்டுபவர், வண்ணம் போடுபவர் என்று வேலை பிரிந்தது. அவர்கள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்தவர்களும் அல்ல. ஆக்ஸ்பர்க்கில் குந்தர் ஸைனர் என்ற நூல் அச்சாளர் தம் புத்தகங்களில் மர அச்சுப் படம் சேர்க்க முயன்றபோது மரம் வெட்டுபவர்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் ஒரு மடாதிபதி தலையிட்டுச் சமரசம் செய்தார்: படம் போடலாம், ஆனால் மரம் வெட்டுபவர்கள் சங்கத்து ஆட்களிடம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். இது நடந்தது 1470களின் தொடக்கத்தில். புத்தகம் என்ற புதிய பொருள் ஊருக்குள் வந்தபோது அதை நிறுத்திவைத்துப் பேரம் பேசும் வலு, படமும் சீட்டும் அச்சடித்த இந்தக் கைத்தொழிலாளர் உலகத்துக்கு இருந்தது.

கே: இந்தத் தொழிலில் பெண்கள் இருந்தார்களா?

ப: இருந்தார்கள்; பெயரோடு இருந்தார்கள். நியூரம்பர்க் நகரப் பதிவேட்டில் 1433இல் எலிசபெத் என்ற சீட்டு செய்பவர், 1438இல் மார்கரெட் என்ற சீட்டு வண்ணம் தீட்டுபவர். முன்னே ராணியைத் தேடிக் கேட்ட வாசகருக்கும் சேர்த்தே இந்தப் பதில்: சீட்டில் ராணி இல்லை, பட்டறையில் பெண்கள் இருந்தார்கள்.

கே: சீட்டு எவ்வளவு தூரம் விலைபோனது?

ப: உல்ம் நகர வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது: சிறு பீப்பாய்களில் அடைத்து இத்தாலிக்கும் சிசிலிக்கும் கடல் கடந்தும் அனுப்பி, பதிலுக்கு மசாலாப் பொருள்களும் பிற சரக்கும் வாங்கினார்கள். வெனிஸ் ஏன் அலறியது என்பது இப்போது புரியும்.

கே: மதத் தலைவர்கள் சும்மா விட்டார்களா?

ப: விடவில்லை. சியனாவின் பெர்னர்டினோ 1423இல் பொலோன்யாவில் சீட்டை எதிர்த்துப் பேசினார். அவருடைய வழியில் வந்த ஜான் கபிஸ்ட்ரானோ 1452இல் நியூரம்பர்க் வந்தார். அவர் பேச்சைக் கேட்டு மக்கள் கொண்டுவந்து நெருப்பில் போட்டவற்றில் 3,640 சொக்கட்டான் பலகைகள், 40,000 தாயக்கட்டைகள், கணக்கில்லாத சீட்டுகள் என்று குறிப்பு இருக்கிறது. சீட்டுத் தொழிலே பிழைப்பாக இருந்த ஊரில் அத்தனை சீட்டும் எரிந்தது. அந்த வாரம் பட்டறைக்காரர்கள் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று என் மனம் அங்கேதான் போகிறது.

கபிஸ்ட்ரானோ பேசுவதையும் விளையாட்டுப் பொருள்கள் எரிவதையும் 1519இல் மர அச்சுப் படமாக்கியவர் ஹன்ஸ் ஷாய்ஃபெலைன். அதே ஓவியர் 1535 வாக்கில் அருமையான ஒரு சீட்டுக்கட்டையும் வரைந்து கொடுத்தார்.

கே: அவ்வளவு அச்சடித்தும் இன்று மிகக் குறைவாகத்தான் கிடைக்கிறதாமே. எல்லாம் நெருப்பில் போனதா?

ப: நெருப்பில் போனது கொஞ்சம், கையில் தேய்ந்து போனதுதான் ஏராளம். வியர்வை பட்டு, மது கொட்டி, முனை மடங்கி, ஒரு சீட்டு தொலைந்தால் முழுக்கட்டும் குப்பைக்குப் போய்விடும். அரண்மனைக் கட்டுகள் பெட்டியில் தூங்கியதால் பிழைத்தன. ஸ்டுட்கார்ட் கட்டில் 49 சீட்டுகள் இருக்கின்றன. ஹங்கேரி, பொஹீமியா அரசர் லாடிஸ்லாஸுக்காக 1455 வாக்கில் செய்யப்பட்ட கட்டின் 48 சீட்டுகளும் வியன்னாவில் முழுதாக இருக்கின்றன. அதில் சமையல்காரரும் குயவர் பெண்ணும் கோமாளியும் சீட்டாகியிருக்கிறார்கள். அதுவும் மர அச்சில் எடுத்து, கையால் வண்ணம் தீட்டியதுதான்.

சாதாரண மக்களின் சீட்டு பிழைத்த கதை வேறு. புத்தகம் கட்டுபவர்கள் அட்டைக்குக் கனம் சேர்க்கக் கழிவுத் தாள்களை மொத்தமாக வாங்குவார்கள். அதில் பட்டறையில் பிசகிய, வெட்டாத சீட்டுத் தாள்களும் வந்துவிடும். பசை தடவி, இரண்டு தோல் உறைகளுக்கு நடுவே, யாரும் புரட்டாத சட்டப் புத்தகத்தின் அட்டைக்குள் அவை நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தன. பழுதான அட்டையைப் பிரித்துத் தண்ணீரில் ஊறவைத்தபோது ராஜாவும் உன்டரும் வரிசை கலையாமல் வெளியே வந்தார்கள். இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் 15, 16ஆம் நூற்றாண்டு மலிவுச் சீட்டுகளில் பல இப்படிக் கிடைத்தவை. விற்பனைக்குப் போன நல்ல சீட்டுகள் அழிந்தன. ஒதுக்கிய தாள்கள் நின்றன.

கே: பெரிய ஓவியர்கள் சீட்டு வரைந்தார்களா?

ப: வரைந்தார்கள். நியூரம்பர்க்கின் பீட்டர் ஃப்ளோட்னர் 1540 வாக்கில் வரைந்த கட்டில் 47 சீட்டுகள் அந்த ஊர் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் பாட்டும் இசைக் குறிப்பும். ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு குரல். ஆட்டம் முடிந்ததும் திருப்பிவைத்து நான்கு பேர் சேர்ந்து பாடலாம்! இப்படி ஒரு யோசனை தோன்றிய மனிதரை நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

யோஸ்ட் அம்மன் 1588இல் வெளியிட்ட கட்டில் சின்னங்களே வேறு: புத்தகம், அச்சு மை ஒற்றும் திண்டு, உலோகக் கோப்பை, மண் குவளை. புத்தகமும் மைத் திண்டும் சின்னமானது அச்சுத் தொழிலாளர்களுக்கு அவர் செய்த மரியாதை. ‘சீட்டுகளின் ஆசான்’ என்று அழைக்கப்படும் பெயர் தெரியாத கலைஞர் இவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர். அவர் வேலை செய்தது மரத்தில் அல்ல, செம்புத் தகட்டில்.

கே: இலங்கையில் நாங்கள் ஆடும் 304இல் ஜாக்கிதான் பெரியது, அடுத்தது 9. ராஜாவை ஜாக்கி வெட்டும் இந்த வழக்கம் ஜெர்மானியர்களிடமும் உண்டா?

ப: உண்டு, அதுவும் மிகப் பழைய ஆட்டத்திலேயே. 1426ஆம் ஆண்டு நோர்ட்லிங்கன் நகர ஆவணத்தில் கர்னோஃபெல் என்ற ஆட்டத்தின் பெயர் வருகிறது. அதில் துருப்புச் சின்னத்தின் உன்டர் எல்லோரையும் வெட்டுவான். ஆறாம் எண்ணுக்குப் போப்பாண்டவர் என்று பெயர், இரண்டாம் எண்ணுக்குப் பேரரசர். இவர்களும் ராஜாவை வெட்டுவார்கள். ஏழாம் எண் சாத்தான். சாதாரணப் படைவீரன் ராஜாவை வீழ்த்தும் இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பிரசங்கிகள் கொதித்ததில் வியப்பில்லை.

உங்கள் 304க்கு இன்னும் நெருங்கிய உறவு இருக்கிறது. சுவிஸ் மக்கள் ஆடும் யாஸ் ஆட்டத்தில் துருப்பில் உன்டர் முதலிடம், 9 இரண்டாமிடம். அந்த யாஸ் குடும்பம் டச்சு நாட்டிலிருந்து பரவியது. 304, 28 போன்ற நம் பக்கத்து ஆட்டங்களை அந்தக் குடும்பத்தோடு சேர்த்தே ஆய்வாளர்கள் வைக்கிறார்கள். டச்சுக்காரர்கள் ஆண்ட யாழ்ப்பாணக் கடற்கரையில் 9 இத்தனை பெரிய சீட்டாக இருப்பதை இந்த வழியில் பார்த்தால் பொருத்தமாகத் தெரிகிறது.

கே: இத்தனை முன்னோடியாக இருந்தவர்களின் சீட்டு ஏன் உலகம் முழுக்கப் பரவவில்லை? நம் கையில் இருப்பது பிரெஞ்சுச் சின்னங்கள்தானே?

ப: காரணம் செலவு. 1480 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் சின்னங்களை ஒரே வண்ணத் தட்டை உருவமாக்கினார்கள். டைமனுக்கு உள்ளே கோடு வேண்டாம், ஸ்பேடுக்கு நரம்பு வேண்டாம். ஆகவே எண் சீட்டுகளுக்கு மரப் பலகையே தேவையில்லை. ஸ்டென்சில் வைத்து ஓர் இழுப்பு போதும். ராஜா, ராணி, ஜாக்கி மட்டும் பலகையில் வெட்டினால் கட்டு முடிந்தது. ஜெர்மன் கொட்டைக்கு மூடியும் வரியும் வேண்டும், மணிக்கு வாய்ப்பிளவு வேண்டும், இலைக்குக் காம்பு வேண்டும். ஒவ்வொரு எண் சீட்டையும் யாராவது உட்கார்ந்து செதுக்கியாக வேண்டும். கணக்குப் பார்க்கிற வியாபாரி எதை எடுப்பான் என்பது தெரிந்ததே. ஆனால் அழகு என்று கேட்டால் என் வாக்கு கொட்டைக்குத்தான். ஒரு மரத்தின் காயைச் சீட்டில் எண்ணிப் பார்த்து ஆடுவதில் ஒரு மண்வாசனை இருக்கிறது.

கே: அந்தச் சீட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறதா? வாங்க முடியுமா?

ப: நன்றாகவே புழங்குகிறது. பவேரியாவில் ஷாஃப்கோப்ஃப் ஆடுகிறவர்கள் கொட்டை, இலை, இதயம், மணியில்தான் ஆடுகிறார்கள். கிழக்கே ஆல்டன்பர்க் ஸ்காட் ஆட்டம் பிறந்த ஊர். 1832இல் தொடங்கிய சீட்டுத் தொழிற்சாலையும் சீட்டு அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன. ஸ்காட்டை மேற்கு ஜெர்மனியில் பெரும்பாலும் பிரெஞ்சுச் சீட்டிலும் கிழக்கில் ஜெர்மன் சீட்டிலும் ஆடிப் பழகிவிட்டார்கள். 1990இல் நாடு ஒன்றானதும் போட்டிகளில் எந்தச் சீட்டைப் போடுவது என்ற சிக்கல் வந்தது. இரண்டு பக்கமும் ஏற்கும்படி போட்டிகளுக்கென்று ஒரு கட்டு உருவானது: உருவம் பிரெஞ்சு, வண்ணம் ஜெர்மன். இலையின் பச்சை ஸ்பேடுக்கு, மணியின் மஞ்சள் டைமனுக்கு. யாராவது ஜெர்மனி போய் வந்தால் பச்சை ஸ்பேட் உள்ள அந்தக் கட்டைக் கேட்டு வாங்குங்கள், 32 சீட்டுகள் இருக்கும்.